மழையைப் பார்த்து விலை கணிப்பது எப்படி

கொட்டாஞ்சேனையில் பதினைந்து வருடமாக மதியச் சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறேன். பொருளாதாரம் படித்ததில்லை. ஆனாலும் அடுத்த மாதம் கணக்கு எங்கே இடிக்கும் என்று வானிலைச் செய்தியை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவேன். ஒரு கொப்பி போதும், நீங்களும் பழகலாம்.

முதலில் மழை எங்கே பெய்கிறது என்று பாருங்கள். கொழும்பில் நீங்கள் குடை பிடிப்பது கணக்கில் இல்லை. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் விடாமல் அடித்தால் இரண்டு மூன்று நாளில் பேலியகொட சந்தையில் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் ஏறிவிடும். தோட்டத்தில் அழுகுவது பாதி, லொறி வராதது பாதி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் மண்சரிவில் மறிபட்டன. நான் வாழைக்காய்க்கும் பருப்புக்கும் மாறினேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பார்சலைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இன்றைக்கும் வாழைக்காயா?" என்றார். இன்றைக்கும்தான்! மரக்கறி விலை ஏறின மாதிரியே இறங்கும். அதற்காகப் பார்சல் விலையைக் கூட்டாதீர்கள், கறியை மாற்றுங்கள்.

அரிசி அப்படியில்லை, அது ஆறுதலாக வந்து அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பிழைத்தால் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை சுருங்கும். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாறைக் குளங்களில் தண்ணீர் இல்லை என்று செய்தி வந்தால் காது கொடுங்கள். 2016 கடைசியில் அப்படித்தான் பிழைத்தது. 2017இல் நாடு 7 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்கியது, அவ்வளவும் டொலர் கொடுத்து. அந்த முறை நான் பிந்தித்தான் விழித்தேன். இப்போது மழை பிழைத்தால் தையிலேயே இரண்டு மூடை சம்பா கூடுதலாக எடுத்துவிடுவேன். அதற்கு மேல் வைத்தால் வண்டு விழும்.

அப்புறம் மின்சாரம். காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் மட்டம் இறங்கினால் நீர்மின் குறையும். அந்த இடத்தை எண்ணெயும் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிக்கிற நிலக்கரியும் நிரப்பும். இரண்டும் டொலர் கொடுத்துக் கப்பலில் வருபவை. 1996 வரட்சியில் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. குப்பி விளக்கில் படித்த ஞாபகம் இருக்கிறது. தேயிலையும் வெயிலில் காய்ந்தால் வருகிற டொலரும் குறையும். போகிற டொலர் கூடி, வருகிறது குறைந்தால் ரூபாய் தளரும்; பருப்பு, சீனி எல்லாம் அதன் பின்னால் வரும். கூடுதலாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான், ஏனென்றால் கறியை மாற்றித் தப்ப முடியாது.

மாத முடிவில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதாவது சாமான் விலைகள் எவ்வளவு மாறின என்று காட்டும் அரசாங்கக் கணக்கு, வெளியாகும். அதைப் பாருங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும்.

இன்னொன்று. மழை நாட்களில் களனி கங்கையின் நீர்மட்டத்தை, கொழும்பு நாகலகம் வீதியில் அளந்து, நீர்ப்பாசனத் திணைக்களம் அடிக்கணக்கில் அறிவிக்கும். 5 அடியை நெருங்கினால் வெள்ளம் வரப் பார்க்கிறது என்று அன்று மாலையே கருவாடும் பருப்பும் வாங்கிவைத்து, வெல்லம்பிட்டியிலிருந்து வரும் என் உதவியாளுக்கு நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.