மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

இளமையைத் தாண்டியும் விளையாடுகிறவர்களுக்கான உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுப் போட்டிக்குத் தகுதி நேரம் கிடையாது, தேர்வுக் குழு கிடையாது. குறைந்தபட்ச வயதைத் தொட்டிருக்க வேண்டும், கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1985-இல் டொரண்டோவில் தொடங்கியபோதிலிருந்தே யாரையும் வாசலில் நிறுத்தாததுதான் இதன் பலம். 2009-இல் சிட்னியில் 28,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒரு கோடைக்கால ஒலிம்பிக்கில் விளையாடுகிறவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அது.

நுழைவது சுலபம் என்பதால் உள்ளேயும் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே முறையான நடுவர்கள் உண்டு, கறாரான விதிகள் உண்டு, ஊக்கமருந்துப் பரிசோதனையும் உண்டு. மாதக்கணக்கில் உழைத்தவர் ஒருவர், விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டாத காரணத்தால் மைதானத்துக்கு வெளியே நிற்பது கொடுமை. அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

எந்தப் போட்டி என்று தெரியாமல் பதிவு செய்வது

உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுப் போட்டி பல விளையாட்டுகள் சேர்ந்த திருவிழா. லோசானில் இயங்கும் சர்வதேச மாஸ்டர்ஸ் விளையாட்டுச் சங்கம் நடத்துவது. இதில் நீங்கள் உங்கள் பெயரிலேயே கலந்துகொள்கிறீர்கள், நாட்டின் சார்பாக அல்ல. உலக மூத்தோர் தடகள சாம்பியன்ஷிப் வேறு. அதற்கு உங்கள் நாட்டின் மூத்தோர் தடகள அமைப்பு வழியாகப் போக வேண்டும், நாட்டின் சீருடை அணிய வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செயின்ட் ஜார்ஜ் நகரில் 1987 முதல் நடக்கும் ஹன்ட்ஸ்மன் உலக சீனியர் விளையாட்டுகள் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும். மூன்றுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், தேர்வே தேவைப்படாத போட்டிக்குச் சங்கத்தின் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து கடைசித் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போட்டி ஒரே ஊரில் நடக்கும் என்று நினைத்து அறை எடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 2021-இல் நடக்க வேண்டியிருந்து 2027 மே மாதத்துக்குத் தள்ளிப்போன கான்சாய் போட்டி, ஜப்பானின் பல மாவட்டங்களில் பரந்து நடக்கிறது. இரண்டு விளையாட்டுகளுக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால், முதலில் அரங்குகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் பாருங்கள். நாள் மோதாவிட்டாலும் தூரம் மோதும்.

வயதை நாமே கணக்குப் போட்டுக்கொள்வது

இது பலருக்கும் தெரியாது. மாஸ்டர்ஸ் நீச்சலில், போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. மூத்தோர் தடகள சாம்பியன்ஷிப்பில், போட்டி தொடங்கும் நாளில் என்ன வயதோ அது. 1967 அக்டோபரில் பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2027 மே மாதம் அவருக்கு 59 வயது. நீச்சல் விதிப்படி அவர் 60–64 பிரிவு, தடகள விதிப்படி 55–59 பிரிவு. ஒரே மனிதர், ஒரே வாரம், இரண்டு பிரிவுகள். குறைந்தபட்ச வயதும் இப்படித்தான் மாறும். நீச்சலுக்கு 25, தடகளத்துக்கு 35. நீங்கள் போகும் போட்டியில் உங்கள் விளையாட்டுக்கான கையேடு என்ன சொல்கிறது என்பதே முடிவானது.

தொடர் போட்டிகளில் குழப்பம் இன்னும் அதிகம். நீச்சல் தொடரில் நான்கு பேரின் வயதையும் கூட்டுகிறார்கள். 200 முதல் 239 வரை ஒரு பிரிவு, 240 முதல் 279 வரை அடுத்தது. தடகளத் தொடர் ஓட்டத்தில், அணியிலேயே வயது குறைந்தவர் எந்தப் பிரிவோ அதுதான் அணியின் பிரிவு. கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காயம், அவசரமாக 48 வயதுக்காரர் ஒருவரைச் சேர்க்கிறீர்கள் என்றால், அறுபதைக் கடந்த மற்ற மூவரும் அவரோடு 45 வயதுப் பிரிவில் ஓட வேண்டியதுதான். மாற்று ஆளை முன்கூட்டியே, அதே வயதில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரிக் காலத்து அளவுகளோடு பயிற்சி செய்வது

ஆண்கள் குண்டு எறிதலில் 7.26 கிலோ என்பது 49 வயது வரைதான். 50-இல் 6 கிலோ, 60-இல் 5, 70-இல் 4, 80-இல் 3 என்று குறைந்துகொண்டே வரும். ஈட்டி, வட்டு, தடைகளின் உயரம் எல்லாம் அப்படியே. அறுபது வயதில் பழைய குண்டை எறிந்து பழகினால் "போட்டியில் லேசாக இருக்கும்" என்று சிலர் வாதாடுவார்கள். நான் ஏற்கமாட்டேன். குண்டு கையை விட்டுப் போகும் வேகமும் கோணமும் எடைக்கு எடை மாறும், தோள்பட்டை வலியோ போட்டிக்கு முன்பே வந்து சேரும். பிரிவுக்கான எடையிலேயே பழகுங்கள். சொந்தக் கருவியைக் கொண்டுபோனால் முன்னதாகவே கொடுத்து எடை, அளவு சரிபார்த்து வாங்க வேண்டும்.

மூத்தோருக்கென்று தந்திருக்கும் சலுகைகளும் தெரியாமலே போகின்றன. ஓட்டத்தில் ஸ்டார்டிங் பிளாக் கட்டாயம் இல்லை, நின்றபடியே புறப்படலாம். நீச்சலில் மேடையிலிருந்துதான் குதிக்க வேண்டும் என்பதில்லை, தண்ணீருக்குள் இருந்தே சுவரை உதைத்துக் கிளம்பலாம். பட்டாம்பூச்சி நீச்சலில் மார்பு நீச்சலின் கால் உதைப்பையும் அனுமதிக்கிறார்கள். குனிந்து எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்பதற்காக நூறு மீட்டரையே விட்டுவிட்டவர்கள், இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஓடியிருப்பார்கள்.

உடம்பை அவசரப்படுத்துவது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நெஞ்சும் நுரையீரலும் பயிற்சிக்குச் சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் பழக மாதங்கள் ஆகும். ஆறு வாரம் ஓடியதும் மூச்சு வாங்குவது குறைகிறது, "பழைய ஆளாகிவிட்டேன்" என்ற தெம்பு வருகிறது, வேகத்தைக் கூட்டுகிறோம். மூச்சு தாங்குகிறது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் தாங்குவதில்லை. வயதான விரைவோட்டக்காரர்களுக்கு அடிக்கடி காயம் படும் இடங்கள் தொடையின் பின்தசை, கெண்டைக்கால், குதிகால் தசைநாண். வீட்டருகே மண்தரையில் சாதாரணக் காலணியோடு பழகிவிட்டு, முதல்முறையாகப் போட்டி நாளன்று சிந்தெடிக் தளத்தில் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த காலணி) மாட்டி முழு வேகம் எடுப்பது, காயத்தைத் தேடிப்போய் வாங்குவதற்குச் சமம். போட்டிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பிருந்தே, வாரம் ஒருமுறையாவது அந்தக் காலணியில், முடிந்தால் அந்த மாதிரித் தளத்தில், முக்கால் வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள்.

கடினப் பயிற்சிக்கு அடுத்த நாளே இன்னொரு கடினப் பயிற்சி வேண்டாம். இருபதில் ஒரு இரவில் சரியான வலி, அறுபதில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த இடைவெளியும் பயிற்சிதான்.

சாதனையாளர்களை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் முடித்தவர். வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி தினமும் மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். தினம் மூன்று மணி நேர ஓட்டத்தைத் தாங்க அவர் உடம்பு பல வருடங்களில் மெல்ல மெல்லப் பழகியது என்பதை யாரும் நினைப்பதில்லை. அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் முழங்கால்தான் மிஞ்சாது.

இதயத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். 35 வயதைத் தாண்டிய விளையாட்டு வீரர்களுக்கு விளையாடும்போது திடீர் மரணம் நேர்ந்தால், பெரும்பாலும் இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம். நன்றாக ஓட முடிகிறது என்பது அடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ பரவும் வலி, வழக்கமான வேகத்திலேயே திடீரென்று மூச்சு முட்டுவது, இவற்றை வாயு என்று ஒதுக்காதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த அளவுக்கு உழைக்கப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். "நடைப்பயிற்சி போகிறேன்" என்று சொல்லிவிட்டு 800 மீட்டருக்குத் தயாரானால், அவர் தரும் ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது.

கடைசி இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தை விட்டுவிடாதீர்கள். பயம் வந்து அந்த வாரங்களில்தான் அதிகமாக ஓடத் தோன்றும்.

மாத்திரை டப்பாவை மறந்துவிடுவது

மூத்தோர் போட்டிகளில் ஊக்கமருந்து விதியில் சிக்குகிற எல்லோரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர்ப் பெருக்கி கலந்திருக்கும். சிறுநீர்ப் பெருக்கிகள் எல்லா நேரத்திலும் தடைசெய்யப்பட்டவை. இன்சுலினும் அப்படித்தான். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குத் தரும் டமாக்சிஃபெனும் பட்டியலில் இருக்கிறது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் ஓட்டத்துக்குத் தடையில்லை, வில்வித்தைக்கும் துப்பாக்கிச் சுடுதலுக்கும் தடை. முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு முன்பு அனுமதி இருந்தது. 2022 முதல் போட்டிக் காலத்தில் அதுவும் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக்காக எடுப்பவர்களுக்கு விலக்கு கோரும் வழி இருக்கிறது. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், மருத்துவரின் கடிதம் மூன்றையும் சேர்த்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சில நேரம் மருத்துவரே அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார், அப்போது சிக்கலே இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் பொடிகளை மட்டும் தொடாதீர்கள். அட்டையில் எழுதாதது உள்ளே இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

போட்டி நாளில்

நேர மண்டலம் மாறினால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு முன்னதாகப் போய்ச் சேருங்கள். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் சிரமம். வயதாக ஆகத் தாகம் எடுக்கும் உணர்வு மங்குகிறது, அதனால் தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். போட்டிச் சீருடையும் காலணியும் கைப்பையில் இருக்கட்டும்.

பல தடகளப் போட்டிகளில், பெயர் கொடுத்திருந்தாலும் முந்தைய நாளே "ஓடுகிறேன்" என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறைக்குக் குறித்த நேரத்தில் போகாவிட்டாலும் அதே கதி. அங்கே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பதற்றம் வேண்டாம்.

ஆள் குறைவாக இருந்தால் பல வயதுப் பிரிவுகளைச் சேர்த்து ஒரே ஓட்டமாக விடுவார்கள். பதக்கம் மட்டும் பிரிவுவாரியாக. அதனால்தான் மூத்தோர் தடகளத்தில் முதுகில் வயதுப் பிரிவைக் குறிக்கும் அட்டை இருக்கிறது. 1500 மீட்டரின் கடைசிச் சுற்றில் உங்களைத் தாண்டிப் போகிறவரின் முதுகைப் பாருங்கள். அவர் 55, நீங்கள் 65 என்றால் அவரைத் துரத்தி மூச்சைச் செலவழிக்க வேண்டியதில்லை. பின்னால் மெதுவாக வருகிற இன்னொரு 65-தான் உங்கள் ஆள்.

பதக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதும் சரியல்ல. 2017-இல் ஆக்லாந்தில் 101 வயது மன் கௌர் நூறு மீட்டரை 74 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றபோது, அவர் பிரிவில் அவர் ஒருவர்தான். அந்த ஓட்டத்தின் மதிப்பு அதனால் துளியும் குறையவில்லை. சில பிரிவுகளில் மூவர் ஓடினால் மூவருக்கும் பதக்கம், சிலவற்றில் நாற்பது பேருக்கு நடுவே பத்தாவது இடமே பெரிய விஷயம். வயதுக்கேற்பத் திருத்திய சதவீதக் கணக்கு தடகளத்தில் இருக்கிறது. போன வருடத்து உங்களோடு இந்த வருடத்து உங்களை ஒப்பிட அதுதான் நேர்மையானது.

ஓடி முடித்ததும் முடிவுப் பட்டியல் ஒட்டும்வரை அங்கேயே இருங்கள். சேர்த்து ஓடவிட்ட ஓட்டங்களில் வயதுப் பிரிவு மாறிப் பதிவாவது நடக்கக்கூடியது. தடகளத்தில் முடிவை அதிகாரபூர்வமாக அறிவித்த 30 நிமிடங்களுக்குள் முறையீடு செய்ய வேண்டும். பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையைக் கையோடு வைத்திருந்தால், திருத்தம் அங்கேயே முடிந்துவிடும்.