ரொட்டிப் பொட்டலத்தை கேட்டில் பறிகொடுக்காமல் இருக்க

விடிய 4 மணிக்கு மஸ்கெலியாவில் பஸ் ஏறி மகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான தமிழ்த்தினப் போட்டிக்குக் கூட்டிப்போன அன்று, எங்கள் ரொட்டிப் பொட்டலத்தை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வெளிச்சாப்பாடு கூடாதாம். உள்ளே கன்டீனில் வடை இரண்டு மடங்கு விலை. பேச்சுப் போட்டி பகல் 1 மணிக்குத்தான் தொடங்கியது, அதுவரை பிள்ளை ஒரு வடையும் பிளேன்டீயுமாக உட்கார்ந்திருந்தது.

கேட்டில் நிற்பவரோடு சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். கோட்ட மட்டமோ வலய மட்டமோ மாகாண மட்டமோ, போட்டிக் கடிதம் வந்த அன்றே பொறுப்பாசிரியரைப் பிடியுங்கள். சாப்பாடு கொண்டுவரலாமா, எங்கே வைத்துச் சாப்பிடுவது, குடிக்கத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று போட்டி நடக்கும் பாடசாலைக்கு அவரே ஒரு கோல் எடுத்துக் கேட்கட்டும். கூடாது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். குப்பை சேரும் என்பார்கள், "குப்பையை நாங்களே திரும்பக் கொண்டுபோகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள், அநேகமாக இறங்கி வருவார்கள். கன்டீன்காரரும் குத்தகைக் காசு கட்டியவர், கூட்டம் வரும் நாளில் நாலு காசு பார்க்க நினைப்பார், சரி, அதைப் பசித்த பிள்ளையிடமா பார்ப்பது? பிள்ளைக்குச் சீனி வருத்தம் மாதிரி ஏதும் இருந்தால் கேட்டில் காட்ட கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

அனுமதி கிடைத்தால் ரொட்டியை ஆறவிட்டுத்தான் துணியில் சுற்ற வேண்டும், சூட்டோடு கட்டினால் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும். தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல் போதும். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கண்டிப் பக்கம் இறங்கினால் பகலுக்குள் புளித்துவிடும்.

தண்ணீர்ப் போத்தல் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். 2025 ஏப்ரல் 1 முதல் 500 மில்லிலீற்றருக்கு அதிகபட்ச சில்லறை விலை 70 ரூபாய், 1 லீற்றருக்கு 100. அதற்கு மேல் கேட்டால் பில் கேளுங்கள், கேட்டால் கொடுத்தாக வேண்டும். முறைப்பாடு சொல்ல நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. வடைக்கு மேலே விலை அடித்திருக்காது, ஆனால் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்டச் சொல்லலாம். போத்தலில் அடித்திருக்கும் விலையையும் பில்லையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 1977க்குக் கோல் எடுப்பதைப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கிய அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.