தண்ணி கம்மி, ஆளு கம்மி, ஞாயித்துக்கிழமை மேட்ச்: கிரவுண்டை எப்படி பாத்துக்கிறது

பாளையங்கோட்டை பக்கம் 3 ஏக்கர்ல கிரிக்கெட் கிரவுண்டு வாடகைக்கு விடுதோம், வேலைக்கு 2 பேரு, போர் ஒண்ணு, அவ்ளோதான். சங்கர் நகர்ல டிஎன்பிஎல் மேட்ச் பாத்துட்டு வார பயலுவ அதே பச்சைய இங்கயும் கேப்பாங்க, ஆசைப்படுததுல தப்பில்ல, ஆனா நீங்க மொத தண்ணி கணக்க போட்டு பாருங்க. 1 சதுர மீட்டர்ல 5 மில்லிமீட்டர் நனைய 5 லிட்டர் வேணும். ஒரு பிட்ச் சுமார் 60 சதுர மீட்டர், 300 லிட்டர்ல சோலி முடிஞ்சிரும், மூணு ஏக்கருக்கும் விட்டா 60,000 லிட்டர் போயிரும். அதனால சித்திரை வைகாசில பிட்சுக்கும் பௌலர் ஓடி வார தடத்துக்கும் மட்டும் விடுங்க. கோல்ஃப் மைதானத்துலயும் இதான் நடக்கு, குழி இருக்க கிரீனுக்குத்தான் மொத கவனிப்பு, ஓரத்து ரஃப்ப வளர விட்டுருவாங்க. பிட்ச சுத்தி இருக்க நம்ம அவுட்ஃபீல்டு அருகம்புல்லு, வெயில்ல பழுத்தாலும் அடில உசுரு கெடக்கும், மழை விழுந்தா தளுத்துரும்.

தண்ணி விடுதது விடியக்காலைல வச்சிக்கோங்க, ஆனி ஆடி காத்துல மத்தியானம் ஸ்பிரிங்ளர் போட்டா பாதி பக்கத்து வயலுக்குத்தான் போகும்.

மோவர் பிளேட சாணை பிடிங்க, மழுங்குன பிளேடு புல்ல வெட்டாது, கிழிக்கும், நுனி எல்லாம் வெளுத்துரும். ஐப்பசி மழைல புல்லு எகிறிட்டா ஒரே நாள்ல ஒட்ட அடிக்காதீங்க, ஒரு தடவைக்கு உயரத்துல மூணுல ஒரு பங்கு போதும்.

மேட்ச் முடிஞ்ச அன்னைக்கே கிரீஸ் பக்கம் விழுந்த குழிய பெருக்கி, பிட்ச்ல இருக்க அதே கரிசல் மண்ண லேசா நனைச்சி போட்டு இடிச்சிருங்க. ரோலர் விடுததுக்கு முன்ன கட்டைவிரலால அமுக்கி பாருங்க, தடம் விழணும் ஆனா விரல்ல மண்ணு ஒட்டக்கூடாது, ஒட்டுச்சின்னா பைய காயட்டும்.

போன ஐப்பசில அட்வான்ஸ் வாங்கிட்டோமேன்னு ஈரப் பிட்ச்ல ஆட விட்டேன், பிட்ச் கெட்டு, ஒரு நாள் வாடகைக்காக மூணு வாரம் எல்லா புக்கிங்கும் போச்சி, அந்த டீமும் கோவிச்சிக்கிட்டுத்தான் போனாங்க. இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலமே பிட்ச், அவுட்ஃபீல்டு ரெண்டையும் போட்டோ எடுத்து கேப்டனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, "அண்ணாச்சி, அவுட்ஃபீல்டு காஞ்சி கெடக்கு, பிட்ச் நல்லாருக்கு, வேண்டாம்னா வேற தேதி தாரேன், இல்லன்னா அட்வான்ஸ திருப்பி தாரேன்"ன்னு சொல்லிருதேன், முக்காவாசி பேரு வந்து ஆடிட்டுத்தான் போறாங்க.