வார்டு தேர்தலுக்கு ஆள் திரட்டுவது எப்படி: வாக்காளர் பட்டியல் முதல் ஓட்டு நாள் வரை

சென்னை மாநகராட்சியின் இப்போதைய மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. அதன் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. தங்கள் பகுதியில் இருந்து ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாமா என்று யோசிக்கும் சில நண்பர்கள் இப்போதே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "ஆள் எப்படிச் சேர்ப்பது? சேர்த்த ஆட்களை வைத்து என்ன செய்வது?"

2022 தேர்தலில் வடசென்னை வார்டு ஒன்றில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்காகத் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தேன். அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் வீடு வீடாக நடந்த தெருக்களுக்கும் நடக்க முடியாமல் விட்ட தெருக்களுக்கும் உள்ள வித்தியாசம், பூத் வாரியாக எண்ணிக்கை வந்தபோது பளிச்சென்று தெரிந்தது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேட்புமனு, டெபாசிட், சின்னம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை வார்டின் தேர்தல் நடத்தும் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

1. முதலில் கணக்கு

2022-இல் மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 61 லட்சம் வாக்காளர்கள். ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 பேர். அதில் ஓட்டுப் போட வந்தது சுமார் 43 சதவீதம்தான். அதாவது ஒரு வார்டில் 13,000 பேர் அளவில்தான் முடிவு செய்கிறார்கள். பலமுனைப் போட்டி என்றால் சில நூறு ஓட்டே போதும், ஆள் மாறிவிடும். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவர்கள்தான் இந்த ஊரின் பெரிய கட்சி. அவர்களைப் பார்க்கப் போவதற்குத்தான் ஆள் வேண்டும், மேடைக்கு முன்னால் நாற்காலி போடுவதற்கு இல்லை.

முழு வார்டையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பூத்தில் தொடங்குங்கள். அது ஓடுவதைப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

2. பட்டியலை எடுங்கள்

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதிவாரியாக, பாகம் பாகமாக (ஒரு பூத்துக்கு ஒரு பாகம்) வாக்காளர் பட்டியல் கிடைக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அவர்கள் இதே பட்டியலை எடுத்து வார்டுவாரியாகப் பிரித்து வெளியிடுவார்கள். அப்போது பாக எண்கள் மாறும், பூத்தும் மாறலாம். அதனால் சட்டமன்றப் பட்டியலை வைத்து இப்போது வேலையைத் தொடங்குங்கள், வார்டு பட்டியல் வந்ததும் வரிசை எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பட்டியலைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்ஐஆர்) பிறகு சென்னையில் ஏராளமான பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போயின. 2024-இல் எடுத்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், இல்லாத ஓட்டைத் தேடிப் போவீர்கள்.

3. பட்டியலை நடக்கிற தாளாக மாற்றுவது

என்னை அதிகம் திணறடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிக்கல், கிடைக்கிற பிடிஎஃப் வெறும் படம். பெயரைத் தட்டித் தேடினால் எதுவும் வராது. கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரு வரிசைக்கு மூன்று கட்டம் என்று அச்சாகியிருப்பதால், ஒருவர் பெயரும் பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரின் அப்பா பெயரும் கலந்து வந்து நிற்கும். ஒருவர் வாசிக்க, ஒருவர் கூகுள் ஷீட்டில் தட்டுவதுதான் என் சிபாரிசு. ஒரு பாகத்தை இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். தட்டும்போதே தெருவின் பெயர்களெல்லாம் மனதில் ஏறிவிடும், அது எந்த மென்பொருளாலும் கிடைக்காது.

இரண்டாவது சிக்கல் கதவு எண். சென்னையில் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பட்டியலில் சிலருக்குப் புதியது, சிலருக்குப் பழையது, சிலருக்கு இரண்டும் சாய்கோடு போட்டு. எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரே வீட்டுக்காரர்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பார்கள். பின்னால் சேர்த்த பெயர்கள் பாகத்தின் கடைசியில் துணைப்பட்டியலில் இருக்கும், அதையும் மறக்கக் கூடாது.

இதற்கு வழி ஒன்றுதான். பட்டியலே இல்லாமல் முதலில் தெருவை நடந்து பாருங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒருவர் நோட்டுடன் இடதுபக்கமாகத் தெருக்கோடி வரை போய், மறுபக்கமாகத் திரும்பி வரட்டும். ஒவ்வொரு கேட்டுக்கும் 1, 2, 3 என்று ஒரு நடை எண். பக்கத்தில் புதிய எண், பழைய எண், எத்தனை மாடி, எத்தனை போர்ஷன், அடையாளம்.

எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: "நடை 11. பச்சை கேட். புது 27, பழசு 14. கீழே தையல் கடை, மாடியில் இரண்டு போர்ஷன்." பட்டியலில் பார்த்தால் 14-இல் ஏழு பேர், 27-இல் இரண்டு பேர், 14/2 என்று ஒருவர். பத்துப் பேரும் இந்தப் பச்சை கேட்டுக்குள் இருப்பவர்கள்! பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் மூன்று தடவை மாடி ஏறியிருப்போம், அந்த வீட்டு அம்மாவும் மூன்றாவது தடவை கதவைத் திறந்திருக்க மாட்டார்.

அப்புறம் ஷீட்டில் எல்லோருக்கும் நடை எண்ணைப் போட்டு, அந்த எண் வரிசைப்படி அடுக்கி, பிரிண்ட் எடுங்கள். வாக்காளர் வரிசை எண், பெயர், நடை எண், மாடி, குறிப்பு எழுத அகலமான காலி இடம். இவ்வளவு போதும். அடையாள அட்டை எண், வயது, போட்டோ எதுவும் தாளில் வேண்டாம். சாதி, மதம் என்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். நம் தெருக்காரர்களின் விவரம் அது, தாள் எங்கே போய் விழும் என்று நமக்குத் தெரியாது.

பிரசார ஆப் ஒன்றை வாங்கச் சொல்லி விற்க வருவார்கள். காசு இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பேன். வெயிலில் போன் திரை தெரியாது, சார்ஜ் நிற்காது, போனைப் பார்த்துக்கொண்டே பேசுபவரிடம் யாரும் மனம் திறந்து பேசுவதும் இல்லை. பரீட்சைக்குப் பயன்படுத்தும் அட்டை, கயிறு கட்டிய பேனா, ஜெராக்ஸ் தாள். இதுவே போதும்.

4. ஆட்கள்

பொதுவாக "தன்னார்வலர்கள் தேவை" என்று போட்டால் லைக் வரும், ஆள் வராது. நேரில் போய், பெயர் சொல்லி, சின்ன வேலையாகக் கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறரை, உங்க தெரு மட்டும். வருவீங்களா?" எப்போது முடியும் என்று தெரிகிற வேலைக்கு மனிதர்கள் சம்மதிப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்தவர்களில் நன்றாக நிலைத்தவர்கள் இரண்டு இடத்துக்காரர்கள். கேரம் கிளப் பையன்கள், மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள். பையன்களுக்கு எந்த வீட்டில் யார் என்று தெரியும். அக்காக்களுக்கு எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியும். இருவரையும் ஜோடியாக அனுப்புங்கள். பகலில் வீட்டில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள், இரண்டு ஆண்களாகப் போய் நின்றால் பாதிக் கதவு திறக்காது.

வாட்ஸாப்பில் பூத்துக்கு ஒரு சின்னக் குழு, வார்டு முழுமைக்கும் அட்மின் மட்டும் எழுதும் குழு ஒன்று. ஃபார்வர்டு போட்டால் முதல் முறையே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

டீ, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கில் ஏற வேண்டியவை. முதல் நாளிலிருந்தே ரசீது வாங்கி ஒரே ஆள் எழுதட்டும். நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் முகவரியுடன் கட்டாயம்.

5. வாசலில்

"வணக்கம்கா. நாங்க பின்னாடி தெருதான். வார்டு எலெக்‌ஷன் விஷயமா வந்தோம். இந்தத் தெருவுல முதல்ல எது சரியாகணும்னு சொல்லுங்க."

இவ்வளவுதான் தொடக்கம். நோட்டீசை அப்புறம் கொடுக்கலாம். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறிப்பில் எழுதுங்கள். "மழைநீர் வடிகால் பிரச்சினை" என்று நாமாக மாற்றி எழுதினால், "மழை பேஞ்சா கால்வா தண்ணி கட்டிலுக்கு அடியில வருது" என்று அவர் சொன்னது காணாமல் போகும். வேட்பாளர் தெருமுனையில் பேசும்போது தேவைப்படுவது இந்த இரண்டாவது வரிதான்.

தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா இவையெல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். மக்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். கவுன்சிலரால் எது நேரடியாக முடியும், எதற்கு வாரியத்தில் போராட வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் அந்த வாசலிலேயே 1913-க்கு போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக் கொடுங்கள். விளக்கு எரிந்ததும் அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

தாளில் குறிக்க எங்கள் அடையாளங்கள்: பார்த்தாயிற்று என்றால் டிக், பூட்டிய வீடு வட்டம், "மா" வீடு மாறியவர், "இ" இறந்தவர், "வெ" வெளியூர். "மா" என்று குறித்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பக்கத்துத் தெருவுக்கே குடிபோயிருக்கலாம். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகப் பெயர் சேர்க்க 6, நீக்க 7. இதையெல்லாம் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

நேரம்: சனி, ஞாயிறு மாலை சிறந்தது. லாரித் தண்ணீர் வரும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள், ஆனால் குடத்தோடு வரிசையில் நிற்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், அங்கேதான் முழுத் தெருவும் பேசும். அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டியிடம் வாதாட வேண்டாம். அசோசியேஷன் செகரட்டரியிடம் முன்கூட்டியே பேசி, மொட்டை மாடியில் அரை மணி நேரக் கூட்டம் கேளுங்கள்.

6. தாள் அன்றைக்கே திரும்ப வேண்டும்

ஒரு தாள் ஒரு ராத்திரி யாரோ ஒருவர் வீட்டில் தங்கினால் அது திரும்பாது, திரும்பினாலும் அந்தக் குறிப்புகள் எழுதியவருக்கே புரியாது. நடை முடிந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, டீ குடித்தபடி, ஒவ்வொரு ஜோடியும் தாங்கள் கேட்ட ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். அடுத்த வாரமும் ஆட்கள் வருவது இந்த உட்காரலால்தான். அன்று ராத்திரியே ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.

7. ஓட்டு நாள்

முந்தைய நாட்களில் பிரசாரம் ஓய்ந்திருக்கும். இனி புதிதாக யாரையும் கவர வேண்டியதில்லை, வருவதாகச் சொன்னவர்கள் வந்தார்களா என்பதுதான் கேள்வி. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வாக்குச்சாவடியில் இருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம். உங்கள் ஆட்கள் அதைவிடத் தள்ளியே நிற்கட்டும். வேட்பாளர் சார்பில் பூத் ஏஜென்ட்டாக உள்ளே உட்காருபவர், வாக்குப்பதிவு தொடங்குமுன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்குக் கட்டாயம் போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் இன்னும் வராதவர்களுக்கு அவர்களைப் பார்த்த அதே ஜோடியே போன் செய்யட்டும், புதுக் குரல் வேண்டாம்.

உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி பூத் இருக்கும். கணவன் மனைவி சேர்ந்து போய், ஒருவர் திரும்பி வந்துவிடுவதைத் தடுக்க, யாருக்கு எந்த அறை என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவற்றுக்குப் பதில்.

கண்ணகி நகரில் இருந்து ஒருவர்: கூவம் கரையில் இருந்து மாற்றப்பட்ட குடும்பங்களில் பலருக்கு ஓட்டு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறதாம், என்ன செய்வது? தெரு வாரியாக நடக்காமல் பிளாக் வாரியாக, மேல் மாடியில் இருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு நாள் படிவம் 8 முகாம் போடுங்கள், வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் நகலைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இதேபோல் குடும்பங்கள் மாற்றப்பட்ட பெரும்பாக்கத்துக்காரர்கள் கவனிக்க: அது மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. ஓட்டை அங்கே மாற்றினால் மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு இருக்காது. அதைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விடுங்கள்.

முதியவர்களை ஆட்டோ வைத்து பூத்துக்கு அழைத்துப் போகலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வேட்பாளர் தரப்பில் வண்டி அமர்த்தி வாக்காளர்களை இலவசமாக ஏற்றிச் செல்வதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவு ஊழல் நடவடிக்கை என்கிறது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அங்கே வெற்றியே ரத்தாகலாம். வார்டு தேர்தலிலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ தங்கள் வண்டியில் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு நாள் முன்பே நினைவூட்டுங்கள். சக்கர நாற்காலியும் சாய்தளமும் உண்டா என்பதை முந்தைய நாளே பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.