வண்ண ஐசோபாட்கள்: வீட்டில் வளர்த்துப் பெருக்கும் முறை

பூந்தொட்டியை நகர்த்தும்போது அதன் அடியிலிருந்து சிதறி ஓடும் சாம்பல் நிறச் சிற்றுயிர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். பூச்சி போலத் தோன்றினாலும் அவை பூச்சிகள் அல்ல. இறால், நண்டு ஆகியவற்றுக்கு உறவான ஐசோபாட் என்னும் வரிசையில், கடலை விட்டு நிலத்துக்கு முழுமையாகக் குடியேறிய கிளையைச் சேர்ந்தவை. நிலத்தில் வாழும் ஐசோபாட்களில் 3,500க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஆரஞ்சு, மஞ்சள் புள்ளி, கறுப்பு வெள்ளைப் பட்டை எனக் கண்ணைக் கவரும் நிறமுடையவற்றைப் பல நாடுகளில் வளர்ப்புயிர்களாக வைத்திருக்கிறார்கள். சத்தம், நாற்றம், தினசரி வேலை எதுவும் இல்லாத வளர்ப்பு இது. புதிதாகத் தொடங்குவோர் ஒரே ஒரு செய்தியை நன்றாகப் புரிந்துகொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐசோபாட்கள் வயிற்றின் பின்புறத்து அடியிலுள்ள தட்டையான உறுப்புகளால் மூச்சு விடுகின்றன. அவை செவுள்களின் வழிவந்தவை. எப்போதும் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். எனவே முற்றிலும் காய்ந்த பெட்டியில் அவை விரைவில் இறந்துவிடும். ஆனால் அவற்றின் மேலோட்டில் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற நல்ல மெழுகுப் படலம் இல்லாததால்தான் ஈரம் தேவைப்படுகிறதே தவிர, அவை நீரில் வாழ்பவை அல்ல. சொதசொதப்பான, காற்றோட்டமற்ற பெட்டியிலும் அவை மடியும். ஆகவே ஒரே பெட்டிக்குள் ஈரமான பகுதியும் உலர்ந்த பகுதியும் அருகருகே இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அந்த உயிரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டைச் சரியாக அமைப்பதற்கானவையே.

முதற்படி: இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது 'பவுடர் ஆரஞ்சு' எனப்படும் வகை. போர்செல்லியோனைடீஸ் ப்ருயினோசஸ் என்னும் இனத்தின் ஆரஞ்சு நிற வடிவம் இது. உடல் முழுவதும் மாவு பூசியது போன்ற மங்கலான பூச்சு இருக்கும். சில ஐசோபாட்களைப் போல இது பந்தாகச் சுருண்டுகொள்ளாது, மிக வேகமாக ஓடும். மனிதர்களின் போக்குவரத்தோடு உலகெங்கும் பரவிவிட்ட இனம் என்பதால் வெப்பத்தையும் ஓரளவு வறட்சியையும் தாங்கும், விரைவாகவும் பெருகும். வெயில் மிகுந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

சுருளும் வகையே வேண்டும் என்பவர்கள், கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஆர்மடில்லிடியம் மாக்குலேட்டத்தை எடுக்கலாம். 'ஸீப்ரா' என்ற பெயரில் விற்கப்படும் இது தெற்குப் பிரான்சைச் சேர்ந்தது. வளர்ச்சி மெதுவானது, பகலிலும் வெளியே வந்து நடமாடும். அட்ரியாட்டிக் கடலோரத்து ஆர்மடில்லிடியம் க்ளூகி இன்னும் அழகானது. அதன் சிவப்பு, மஞ்சள் புள்ளி வரிசைகள் அதே நிலப்பகுதியில் வாழும் நச்சுச் சிலந்தியான மத்தியதரைக் கறுப்பு விதவையின் புள்ளிகளை ஒத்திருப்பதாகவும், இரைதேடும் விலங்குகளை அச்சுறுத்த அது உதவலாம் என்றும் சிலந்தி ஆய்வாளர் ஹெர்பர்ட் லெவி 1965இல் எழுதினார். ஒரு மண் உயிரின் முதுகில் இப்படியொரு எச்சரிக்கை எழுதப்பட்டிருப்பதை நேரில் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி.

தாய்லாந்தின் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலிருந்து வந்த, வாத்து முகம் கொண்ட 'ரப்பர் டக்கி' வகையைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வருபவர்கள் பலர். விலை மிகுந்தது, குட்டிகள் குறைவு, ஈரத்தில் சிறு தவறையும் பொறுக்காது. ஒரு வருடமாவது மற்ற இனங்களை வளர்த்துப் பழகிய பிறகு அதை நினைப்பது நல்லது. எந்த இனமாயினும், வளர்ப்பில் பிறந்தவற்றையே வாங்குங்கள். காட்டிலிருந்து பிடித்துவந்தவை வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு அரசின் அனுமதி தேவைப்படும் என்பதால், உள்நாட்டில் ஏற்கெனவே வளர்ப்பவர்களிடமிருந்து 10 முதல் 15 வரை பெறுவதே முறை. அந்த எண்ணிக்கையில் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: பெட்டி

சுமார் 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள, மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் டப்பா போதும். வழவழப்பான சுவரில் பெரும்பாலான ஐசோபாட்களால் ஏற முடியாது. எதிரெதிர்ச் சுவர்களில் துளையிட்டு, நுண்ணிய கண்ணுள்ள எஃகு வலையை ஒட்டினால் காற்று குறுக்கே ஓடும். சிறு ஈக்களும் உள்ளே நுழையாது. ஸீப்ரா போன்ற மத்தியதரை இனங்களுக்குக் கூடுதல் காற்றோட்டம் வேண்டும்.

மூன்றாம் படி: மண் படுகை

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஐசோபாட்களுக்கு மண் வெறும் தரை அல்ல, உணவும் அதுவே. கடையில் கிடைக்கும் கோகோபீட்டை நீரில் பலமுறை அலசி உப்பு நீக்கிய பின், இரண்டு பங்கு கோகோபீட்டுக்கு இரண்டு பங்கு மக்கிய இலைத்தூளும், ஒரு பங்கு உளுத்துப்போன மரத்தூளும் கலந்துகொள்ளுங்கள். விரலால் நசுக்கினால் உதிரும் அளவுக்குப் பூஞ்சை தின்ற, வெளிறிய மரமே ஏற்றது. புதிய மரத்தூளால் பயனில்லை. கோகோபீட்டை மட்டும் நிரப்பினால் உயிரினங்கள் சில வாரங்கள் உயிரோடிருக்கும், ஆனால் பெருகாது.

படுகை 5 முதல் 8 செ.மீ. ஆழம் இருக்கட்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பெட்டியின் ஒரு முனையில், மூன்றில் ஒரு பங்கு பரப்பில், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பாக்னம் என்னும் பாசியை நனைத்துப் பரப்புங்கள். எதிர்முனையில் மரப்பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வையுங்கள். அதன் பிறகு படுகை முழுவதையும் காய்ந்த இலைகளால் இரண்டு விரல் உயரத்துக்கு மூடுங்கள். நாட்டு வாதுமை இலை மிகச் சிறந்தது. பலா இலையும் பயன்படும். வேப்பிலையும் தைல மர இலையும் வேண்டாம். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலை ஒன்றே ஒரு பெட்டியை அழித்துவிடக் கூடும். எனவே மருந்து படாத மரத்தடியில், தானாக உதிர்ந்து பழுப்பானவற்றை மட்டும் பொறுக்கி, கொதிநீர் ஊற்றிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

இந்த ஏற்பாட்டில் வால்துள்ளிகள் எனப்படும் வெண்ணிறச் சிற்றுயிர்களையும் சேர்த்துவிட்டால் பூசணம் பரவுவதை அவை தின்று கட்டுப்படுத்தும். ஐசோபாட்களை விடுவதற்கு ஓரிரு வாரம் முன்பே அவற்றை விடுவது சிறப்பு.

நான்காம் படி: ஈரமும் வெப்பமும்

பாசி உள்ள முனையில் மட்டும், அது காயத் தொடங்கும்போது, குளோரின் நீங்கிய நீரை ஊற்றுங்கள். பெட்டி முழுவதும் தெளிப்பான் கொண்டு தெளிக்கும் பழக்கம் வேண்டாம். மேற்பரப்பு நனைந்து அடிப்பகுதி காய்ந்தே இருக்கும், உலர்ந்த முனையும் கெடும். எல்லாம் பாசிக்குள் நெருங்கிக் குவிந்திருந்தால் பெட்டி காய்ந்துவிட்டது என்று பொருள். எல்லாம் சுவரிலும் மூடியருகிலும் ஏற முயன்றால் உள்ளே ஈரம் மிகுந்து காற்று கெட்டுவிட்டது. இவை இரண்டையும் கவனிக்கக் கற்றுக்கொண்டால் ஈரமானி தேவையில்லை.

20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வசதியானது. கோடையில் பெட்டியைத் தரையோடு ஒட்டிய குளிர்ந்த மூலையில் வையுங்கள். நேரடி வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் ஆபத்து. எறும்பு வரும் வீடுகளில், நீர் நிரப்பிய தட்டின் நடுவே பெட்டியை ஏதேனும் உயரத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ், கொசுவிரட்டி, பூச்சிமருந்துத் தெளிப்பு எதுவும் அந்த அறையில் கூடாது.

ஐந்தாம் படி: உணவு

முதன்மை உணவு இலைச் சருகே. அது எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கேரட், வெள்ளரி, பூசணி ஆகியவற்றில் ஒரு மெல்லிய துண்டும், ஒரு சிட்டிகை மீன் தீனி அல்லது உப்பில்லாத கருவாட்டுத் தூளும் வைத்தால் போதும். இரண்டு நாளில் தின்னாததை எடுத்துவிடுங்கள். புரதம் குறைந்தால், போர்செல்லியோ லேவிஸ் போன்ற பெருந்தீனி இனங்கள் தோலுரித்து மென்மையாக இருக்கும் தம் இனத்தையே கடிக்கும்.

சுண்ணாம்புச் சத்து தவிர்க்க முடியாதது, ஏனெனில் இவற்றின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் வலுப்பெறுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டின் ஒரு துண்டை உலர்ந்த முனையில் வைத்தால் பல மாதங்களுக்கு வரும். முட்டை ஓட்டைக் கழுவிப் பொடித்தும் தூவலாம்.

தோலுரிப்பு இரண்டு பாதியாக நடக்கும்: முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி. பாதி வெளிறியும் பாதி நிறமாகவும் ஓர் ஐசோபாட் தென்பட்டால் நோய் என்று அஞ்சி வெளியே எடுக்காதீர்கள். உரித்த தோலை அது தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும்.

ஆறாம் படி: இனப்பெருக்கமும் நிறத்தைக் காத்தலும்

பெட்டி சரியாக இருந்தால் இனப்பெருக்கத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. பெண் தன் அடிவயிற்றில் உருவாகும் நீர் நிறைந்த பையில் முட்டைகளைச் சுமக்கிறது. நிலத்தில் வாழ்ந்துகொண்டே குஞ்சுகளுக்கு ஒரு சிறு நீர்நிலையைத் தன் உடலிலேயே கொண்டு திரிகிறது என்பது இவ்வுயிர்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சில வாரங்களில் வெண்ணிறக் குஞ்சுகள் வெளிவரும். வளர்ந்தவற்றுக்கு ஏழு இணைக் கால்கள். பிறந்தவற்றுக்கு ஆறுதான், ஏழாவது இணை முதல் சில தோலுரிப்புகளுக்குப் பின்னரே முளைக்கும். இந்தப் பருவத்தில் மண்ணைக் கிளறினால் அவை நசுங்கிவிடும் என்பதால், முதல் மூன்று மாதங்களில் மண்ணைத் தொடவே வேண்டாம்.

நிறத்துக்காக வளர்ப்பவர்கள் ஒரே இனத்தின் இரு நிற வகைகளை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. ஆரஞ்சு போன்ற நிறங்கள் பெரும்பாலும் ஒடுங்கு பண்புகள். சாம்பல் நிறத்தோடு கலந்தால் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். ஆரஞ்சுப் பெட்டியில் சாம்பல் குட்டி தோன்றினால், அது வளர்ந்து இணைசேர்வதற்கு முன் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். பெண்கள் விந்தணுவைச் சேமித்து வைக்க வல்லவை. எனவே வயது வந்த பெண்ணை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் கலப்பு நின்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. புதிய நிற வரிசையைத் தொடங்க, இளம் குட்டிகளையே பொறுக்க வேண்டும். ஆர்மடில்லிடியம் வல்காரே இனத்தில் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா, மரபால் ஆணாக வேண்டியவற்றைப் பெண்ணாக மாற்றிவிடுவது உண்டு. உங்கள் பெட்டியில் ஆண்கள் அருகிப்போனால், அதே நிற வரிசையிலிருந்து வேறொருவர் வளர்த்த ஆண்களைச் சேர்ப்பது உதவும்.

ஒரு நிறத்தைப் பற்றி மட்டும் கடுமையாக எச்சரிக்கிறேன். சாம்பல் நிற ஐசோபாட் ஒன்று திடீரென மினுமினுக்கும் ஊதா அல்லது அடர்நீல நிறமாக மாறினால், அது அரிய வகை அல்ல, இரிடோவைரஸ் தொற்று. வைரஸ் துகள்கள் திசுக்களில் படிகம்போல் அடுக்கிக்கொள்வதால் அந்த நீலம் தோன்றுகிறது. அந்த உயிர் பிழைக்காது. அதை உடனே அகற்றி, உறையவைத்து அழித்துவிடுங்கள். இறந்ததை மற்றவை தின்றால் தொற்று பரவும்.

ஏழாம் படி: பிரித்தல்

இலைகள் ஒரு வாரத்துக்குள் நரம்பு மட்டும் எஞ்சும்படி தீர்ந்துபோனால் பெட்டி நிறைந்துவிட்டது. பாதியை அவற்றின் பழைய மண்ணோடு சேர்த்தே புதிய பெட்டிக்கு மாற்றுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். மிஞ்சியவற்றைத் தோட்டத்திலோ காட்டிலோ ஒருபோதும் விடாதீர்கள், ஏனெனில் அந்நிய இனங்கள் உள்ளூர் மண் உயிர்களின் இடத்தைப் பறிக்கக் கூடும். வளர்க்க விரும்பும் மற்றவருக்குக் கொடுக்கும்போது, சிறு துளைகள் உள்ள டப்பாவில் ஈரப் பாசியும் இரண்டு சருகும் வைத்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் கொண்டுசெல்லுங்கள்.