டோர் வைசர் மாட்டும்போது பலரும் செய்யும் தவறுகள்

வண்டிக் கதவின் கண்ணாடிக்கு மேலே, மழைநீர் உள்ளே வராதபடி மாட்டும் பிளாஸ்டிக் பட்டைதான் டோர் வைசர். ஒட்டிய சில நாட்களிலேயே வைசரின் முன்முனை தூக்கிக்கொண்டு நிற்கும். வேகமெடுத்தால் காதருகே விசில் அடிக்கும். இன்னும் சிலருக்கு, ஏற்றிய கண்ணாடி மேலே போய் முட்டியதும் தானாகக் கீழே இறங்கிவிடும். இப்படி நடந்தால் பழி வைசர் மேல் விழுகிறது. ஆனால் நல்ல வைசரும் இதே மாதிரிதான் சொதப்பும், வண்டிக்குப் பொருந்தாத வகையை வாங்கியிருந்தாலோ, டேப் உட்காரும் இடத்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருந்தாலோ.

வாங்கும்போது

வைசரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவுச் சட்டத்தின் வெளிப்புறத்தில் டபுள் சைடு டேப்பால் ஒட்டுவது. மற்றொன்று, கண்ணாடி ஏறி இறங்கும் சேனல் ரப்பருக்குள் செருகுவது. செருகும் வகை பார்க்க வண்டியோடு வந்தது போலவே இருக்கும், பெயின்ட்டைத் தொடாது, பிரஷ் வைத்துக் கழுவும் இயந்திரத்திலும் அவ்வளவாக அடிபடாது. ஆனால் சேனலுக்குள் அதற்கென்று தனியாக இடம் கிடையாது. கண்ணாடியும் வைசரும் ஒரே பள்ளத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் முழுதாக ஏறும் ஆட்டோ கண்ணாடி இருந்தால் இந்த வகையை வாங்குமுன் இருமுறை யோசியுங்கள். காரணம் பின்னால் வருகிறது. கண்ணாடியைச் சுற்றிச் சட்டமே இல்லாத கதவு என்றால் பொதுவாகக் கிடைக்கும் வைசர்கள் எதுவும் பொருந்தாது.

மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே பெயரில் ஹேட்ச்பேக்கும் செடானும் இருந்தால் முன்கதவு ஒத்துப்போகலாம், பின்கதவின் வளைவு மாறும். புதிய தலைமுறை வந்திருந்தால் நான்கு கதவுகளுமே மாறியிருக்கும். பிக்கப் டிரக்கில் கேபின் வகையைப் பார்க்க வேண்டும்: ஒற்றைக் கேபினுக்கு இரண்டு துண்டு, இரட்டைக் கேபினுக்கு நான்கு. சில கார்களில் பின்பக்கச் சிறு கண்ணாடிக்கும் சேர்த்து ஆறு துண்டுகள் வரும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். வளைவு ஒத்துவராத வைசரை அழுத்தி ஒட்டினால் அது நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த டேப்பும் அந்த இழுப்பை நாள் கணக்கில் தாங்காது.

பொருளைப் பொறுத்தவரை, அக்ரிலிக் வெயிலில் நிறம் மாறாது, ஆனால் வளைத்தால் உடையும். பாலிகார்பனேட் வளைந்துகொடுக்கும், ஆனால் புற ஊதாப் பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளாகும். நிறத்தில் அடர்கறுப்பு எடுப்பாக இருக்கும்தான். ஓட்டுநர் பக்கத்து முன்முனை மட்டும் சைடு மிரரைப் பார்க்கும் கோட்டில் குறுக்கே வரும். இரவிலும் மழையிலும் அது தொந்தரவு. இளஞ்சாம்பல் ஸ்மோக் நிறம் போதும். முன்கதவுக் கண்ணாடியில் எவ்வளவு மறைக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உள்ள ஊர்களில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப் ஏன் விடுகிறது

தரமான வைசர்களில் இருப்பது அக்ரிலிக் ஃபோம் டேப். 3எம் நிறுவனத்தின் விஎச்பி போன்றவை இந்த வகை. மலிவான வைசரில் சாதாரண ஸ்பாஞ்ச் டேப் இருக்கும், அது வெயில் சூட்டில் இளகிவிடும். பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது இதைத்தான்: டேப்பின் ஓரம் அடர்த்தியாக, ரப்பர் மாதிரி இழுபட்டால் நல்லது, விரலால் பிய்த்தால் பஞ்சு போல் உதிர்ந்தால் அதை நம்பாதீர்கள். வைசர் நன்றாக இருந்து டேப் மட்டும் மோசம் என்றால், பழையதைச் சுரண்டிவிட்டு சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் ஃபோம் டேப்பைப் புதிதாக ஒட்டலாம்.

ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டு உடனே ஒட்டுவது பெரும்பாலானோர் செய்வது. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் கதவில்தான் சிக்கலே இருக்கிறது. வேக்ஸ், பாலிஷ், டேஷ்போர்டுக்கு அடித்த சிலிக்கான் ஸ்பிரேயின் துளிகள் எல்லாம் ஷாம்பூவுக்குப் போகாது. கழுவிய பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சமபங்காகக் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, ஒரே திசையில் துடையுங்கள். துணியின் பக்கத்தை மாற்றி இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். துடைத்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு நிற்கக் கூடாது, பரவ வேண்டும். உருண்டால் வேக்ஸ் இன்னும் இருக்கிறது என்று பொருள். செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் ஆல்கஹாலும் போதாது; டேப் உட்காரும் பட்டையில் மட்டும் கோட்டிங்கை மென்மையான காம்பவுண்ட் (பெயின்ட்டை மெருகேற்றும் பசை) வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்பின் துடைக்க வேண்டும். பெட்ரோலும் தின்னரும் அறவே வேண்டாம். அக்ரிலிக்கில் பட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும்.

டேப் எதன்மேல் உட்காருகிறது என்பதும் முக்கியம். பெயின்ட்டிலும் உலோகத்திலும் நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கிலும் ரப்பர் பீடிங்கிலும் பிடிக்காது. சில வண்டிகளில் கதவுச் சட்டத்தின் கறுப்பு என்பது பெயின்ட் அல்ல, ஒட்டிய வினைல். பிற்பாடு வைசரைக் கழற்றும்போது அதுவும் கூடவே உரிந்து வரலாம். கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள்.

வெப்பநிலையை யாரும் கவனிப்பதில்லை. உகந்தது 21 முதல் 38 டிகிரி செல்சியஸ். சுமார் 10 டிகிரிக்குக் கீழே பசை விறைத்துப்போய் பரப்பைக் கவ்வாது. குளிரில் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் ஹேர் டிரையரால் கதவையும் டேப்பையும் கை பொறுக்கும் அளவுக்குச் சூடேற்றுங்கள். கொளுத்தும் வெயிலில் நின்ற வண்டியானால் நிழலில் ஆறவிட்டு ஒட்டுங்கள்.

ஒட்டும்போது

டேப்பின் மேல்தாளை உரிக்கும் முன் ஒத்திகை பார்க்க வேண்டும். வைசரை மாஸ்கிங் டேப்பால் இடத்தில் நிறுத்தி, கதவை முழுவதும் திறந்து மூடுங்கள். மேல்விளிம்பு கூரையின் ஓரத்திலோ பீடிங்கிலோ உரசினால் ஓரிரு மி.மீ. கீழே இறக்குங்கள். கண்ணாடியையும் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். இடம் சரியானதும் இரு முனைகளிலும் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள். முன்கதவையும் பின்கதவையும் மூடிவைத்து இரண்டு வைசரும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒட்டிய பிறகு கோணல் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தாளை முழுவதும் உரித்துவிட்டு ஒட்டப் போனால் எங்கேயாவது முன்கூட்டியே தொட்டுப் பிடித்துக்கொள்ளும். இரு முனையிலும் 5 செ.மீ. மட்டும் உரித்து, தாளின் நுனியை வெளியே மடித்து நீட்டிவிடுங்கள். அடையாளத்தில் பொருத்தி முனைகளை லேசாக அழுத்திய பின், நீட்டிய நுனியைப் பிடித்து மெதுவாக, பரப்போடு ஒட்டினாற்போல் இழுங்கள். வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தால் தாள் அறுந்து உள்ளே தங்கிவிடும். பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு சாணையும் அரை நிமிடம் அழுத்துங்கள். இந்தப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும், தடவிவிட்டால் போதாது. முன்முனைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள், காற்று முதலில் மோதுவது அங்கேதான். விசில் சத்தமும் அங்கே விட்ட இடைவெளியில்தான் பிறக்கிறது.

பெட்டியில் உலோகக் கிளிப் இருந்தால் 'டேப்தான் இருக்கிறதே' என்று ஒதுக்காதீர்கள். லாரி, பிக்கப் போன்ற பெரிய கதவுகளில் வைசர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அதிர்வும் அதிகம். கிளிப் இல்லாமல் டேப் மட்டும் தாங்குவது சிரமம். கிளிப் பெயின்ட்டில் படும் இடத்தில் சிறு துண்டு ஒளிபுகும் ஃபிலிம் ஒட்டிவிட்டால் கீறல் விழாது, அதன்வழி துருவும் வராது. கதவில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவது மட்டும் கூடவே கூடாது.

கண்ணாடி திரும்பி இறங்கினால்

ஆட்டோ கண்ணாடியில், இடையில் கை சிக்கினால் நின்று இறங்குவதற்கான பாதுகாப்பு இருக்கும். சேனலில் செருகிய வைசர் கொடுக்கும் கூடுதல் உரசலையும் அது கை என்றே எடுத்துக்கொள்ளும். உடனே வைசரைச் சீவவோ ரப்பரை வெட்டவோ போகாதீர்கள். செருகும் முன்பே சேனலில் உள்ள மண்ணைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போது செய்யுங்கள். எண்ணெயோ கிரீஸோ கூடாது, ரப்பர் ஊறிவிடும். பின் கண்ணாடியை முழுதாக மூடி, ஓரிரு நாள் திறக்காமல் விடுங்கள். ரப்பர் புதிய வடிவத்துக்குப் படிந்துவிடும். அடுத்தது, கண்ணாடியின் மேல் எல்லையை மறுபடி பதியவைப்பது. பல வண்டிகளில் மூடிய நிலையில் சுவிட்சைச் சில விநாடிகள் மேல்நோக்கிப் பிடித்திருந்தால் போதும். உங்கள் வண்டிக்கான முறை கையேட்டில் இருக்கும். இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் அந்த வண்டிக்கு ஒட்டும் வகைதான்.

ஒட்டிய பின்

அறை வெப்பநிலையில் இந்த டேப் 20 நிமிடத்தில் பாதி வலுவையும், 24 மணி நேரத்தில் சுமார் 90 சதவீதத்தையும், 72 மணி நேரத்தில் முழு வலுவையும் பெறும். அதனால் முதல் நாள் நெடுஞ்சாலை வேண்டாம், மூன்று நாள் கழுவ வேண்டாம். அதன் பிறகும் பிரஷர் வாஷரை வைசரின் மேல்விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிளாஸ்டிக்கை மங்கவைக்கும்; ஷாம்பூ தண்ணீரே போதும்.

வைசர் இருக்கிறதென்று மழையில் கண்ணாடியைப் பாதி இறக்கினால் நனையத்தான் செய்வீர்கள். 2, 3 செ.மீ. திறப்பு, வைசரின் கீழ்விளிம்பைத் தாண்டாத அளவு, அவ்வளவே. நிறுத்திய வண்டியில் அப்படித் திறந்து வைத்தால், உட்புற அலாரம் சென்சார் உள்ள மாடல்களில் காற்றசைவுக்கே அலாரம் அலறலாம். பல மாடல்களில் அந்த சென்சாரை மட்டும் அணைத்துவைக்க வழி உண்டு.

கழற்ற நேர்ந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் சூடேற்றி, மீன்பிடி நரம்பை டேப்புக்கும் கதவுக்கும் இடையே விட்டு ரம்பம் போல் அறுத்தால் வைசர் கையோடு வந்துவிடும். கதவில் தங்கிய ஃபோமை விரலால் உருட்டி உருட்டி எடுத்துவிட்டு, மிச்சப் பசைக்கு மட்டும் பசை நீக்கி திரவத்தைப் பயன்படுத்துங்கள். அதைக் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் தடவி, பெயின்ட் மங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.