ஜல்காவ் படிகம் வாங்கினால் எலுமிச்சம்பழத்தைத் தள்ளி வையுங்கள்

மகாராஷ்டிரத்தில் ஜல்காவ், நாசிக், புனே பக்கத்துக் கல்குவாரிகளில் கருங்கல்லை உடைக்கும்போது உள்ளே பொந்துகள் தென்படும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காண எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற இடம் அது. கண்ணாடித் துண்டு போன்ற அபோபிலைட், பீச் நிற ஸ்டில்பைட் என்ற கனிமப் படிகங்கள் அதற்குள்தான் வளர்ந்தன.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பளபளப்பாக்கும் ஆசை வரும். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவும் வேண்டாம். அமிலம் அபோபிலைட்டின் முகத்தை மங்கலாக்கிவிடும், அந்தப் பளபளப்பு திரும்ப வராது. வெந்நீரும் வெயிலில் காயவைப்பதும் கூடாது. இவற்றின் உடம்புக்குள்ளேயே நீர் இருக்கிறது. அபோபிலைட்டைச் சூடாக்கினால் ஏடு ஏடாக உரியும், அதன் பெயரே அதிலிருந்து வந்ததுதான். சாதாரணத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளுக்கான பிரஷ், அப்புறம் நிழல். போதும்.

வாங்கும்போதே படிகம் பாறையில் உட்காரும் அடிப்பகுதியைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மினுங்கும் கோடு ஓடினால் பசையாக இருக்கலாம். புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் நீலமாக ஒளிரும். ஒட்டு போட்டது என்று சொல்லி விற்றால் சரி, வாங்கலாம். சொல்லாமல் விற்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குவாரி என்று கேட்டு, சின்னச் சீட்டில் அன்றைக்கே எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்ட இரண்டு கல் இன்றும் ஊர் பேர் தெரியாமல் அலமாரியில் கிடக்கிறது.